ஒரே கிரே, ஒரே சில்லு, பாதி வெளிச்சம்

கதிர்வீச்சு டோஸை அளக்கப் பயன்படும் ஒரு லித்தியம் ஃப்ளோரைடு சில்லை எடுத்து கோபால்ட்-60 காமாக் கதிரில் ஒரு கிரே (டோஸின் அலகு) கொடுங்கள். சூடாக்கி, வெளிவரும் ஒளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே சில்லை அனீல் செய்து, அதாவது நன்றாகச் சூடாக்கி ஆறவிட்டு, பழைய தடயமெல்லாம் போன பிறகு, வேகமான இரும்பு அயனிகளால் அதே ஒரு கிரே கொடுங்கள். இந்தத் தடவை ஒளி சுமார் பாதிதான் வரும், சில சமயம் அதற்கும் கீழே. சில்லு பழுதாகவில்லை, கருவியும் சரியாகத்தான் இருக்கிறது, கதிரூட்டியவரும் கணக்கில் தவறவில்லை.

இதற்குப் பொதுவாக என்ன செய்வார்கள் என்றால், "கனமான துகள்களுக்கு இது குறைத்துக் காட்டும்" என்று சொல்லிவிட்டு, எங்கோ ஓர் அட்டவணையிலிருந்து ஒரு திருத்தக் காரணியை எடுத்துப் போட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தக் காரணிக்குச் சார்புத் திறன் என்று பெயர்: ஒரு கிரே அயனிக்கு வரும் ஒளியை, ஒரு கிரே காமாவுக்கு வரும் ஒளியால் வகுத்தால் கிடைப்பது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண் ஏதோ லித்தியம் ஃப்ளோரைடின் பிறவிக் குணம் மாதிரி, அடர்த்தி, உருகுநிலை வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அது பொருளின் குணம் இல்லை. எந்தப் பொருள், எந்தத் துகள், அது எவ்வளவு வேகத்தில் வந்தது, அப்புறம் நாம் சில்லை எப்படிப் படித்தோம், இத்தனையும் சேர்ந்து முடிவு செய்கிற எண் அது. இதில் ஒன்றை மாற்றினாலும் எண் மாறும்.

சில்லுக்குள் நடப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லித்தியம் ஃப்ளோரைடு படிகத்தில் கொஞ்சம் மக்னீசியமும் டைட்டானியமும் கலந்திருப்பார்கள். இந்த அந்நிய அணுக்களும் அவற்றைச் சுற்றியுள்ள குறைகளும் எலெக்ட்ரான்களுக்கான பொறிகளாக வேலை செய்கின்றன. கதிர்வீச்சு எலெக்ட்ரான்களை அவற்றின் இடத்திலிருந்து கிளப்பிவிட, சில திரும்பிப் போய்விடுகின்றன, சில பொறியில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. சூடாக்கினால் வெளியே வந்து, மீள்சேரும் மையத்தில் விழுந்து ஒளியாக மாறுகின்றன. இதுதான் வெப்ப ஒளிர்வு. இதை டோஸ் அளக்கப் பயன்படுத்தலாம் என்று 1953-ல் ஃபேரிங்டன் டேனியல்ஸும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். சூட்டுக்குப் பதிலாகப் பச்சை ஒளியைப் பாய்ச்சிப் பொறியைத் திறந்தால் அது ஓஎஸ்எல் (ஒளியால் தூண்டிய ஒளிர்வு), அதற்குப் பெரும்பாலும் கார்பன் கலந்த அலுமினியம் ஆக்சைடு. நமக்கு இங்கே வேண்டியது ஒரே விஷயம்: ஒரு கன மைக்ரோமீட்டருக்குள் இருக்கும் பொறிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு.

இப்போது கிரே. ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல், அவ்வளவுதான் அதன் வரையறை. அந்த ஜூல் எப்படிப் பரவியிருக்கிறது என்று அந்த வரையறை கேட்பதே இல்லை. கேட்டால் என்ன தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. ஒரு துகள் ஒரு மைக்ரோமீட்டர் தூரத்தில் விட்டுச்செல்லும் ஆற்றலை நேரியல் ஆற்றல் மாற்றம் என்கிறோம், சுருக்கமாக எல்இடி (விளக்கு அல்ல). தண்ணீரில் 200 மெகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டானுக்கு அது மைக்ரோமீட்டருக்கு அரை கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. நியூக்ளியானுக்கு (அணுக்கருவில் உள்ள ஒவ்வொரு புரோட்டான், நியூட்ரானுக்கும்) 1,000 மெகா எலெக்ட்ரான் வோல்ட் உள்ள இரும்பு அயனிக்குச் சுமார் 150. ஒரு கிரே வர வேண்டுமென்றால், புரோட்டான்கள் ஒவ்வொரு சதுர மைக்ரோமீட்டரிலும் ஒரு டஜனுக்கு மேல் நுழைய வேண்டும். இரும்பு என்றால் 24 சதுர மைக்ரோமீட்டருக்கு ஒன்று போதும். அதாவது அடுத்தடுத்த இரண்டு இரும்புத் தடங்களுக்கு நடுவே சராசரியாக ஐந்து மைக்ரோமீட்டர் இடைவெளி. தடத்தின் அடர்த்தியான மையமோ சில பத்து நானோமீட்டர் அகலம்கூட இருக்காது. டோஸ் மீட்டரில் இரண்டும் ஒரு கிரேதான்.

இந்த இரண்டையும் ஒரே எண்ணால் குறிப்பதில் இருக்கிற விபரீதம் பார்த்த உடனே புரிந்துவிடும். வயல் முழுக்கத் தூறலாகப் பெய்கிற தண்ணீரையும், அதே அளவு தண்ணீரை நாலே இடத்தில் குடம் குடமாகக் கொட்டுவதையும் சராசரி மழையளவு என்ற கணக்கில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், ஆனால் கொட்டிய இடத்து மண்ணுக்குக் குடிக்கிற வரைதான் குடிக்க முடியும். இரும்புத் தடத்தின் நடுவில் இருக்கிற பொறிகளும் அப்படித்தான். எல்லாம் நிரம்பிவிட்டன, ஆற்றல் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, அந்த மிச்சம் ஒளியாக மாற வழியே இல்லை. வெப்பமாகப் போய்விடுகிறது.

தடத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. அயனி போகும் வழியில் எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அவற்றில் வேகமானவற்றுக்கு டெல்டா எலெக்ட்ரான்கள் என்று பெயர். அவை பக்கவாட்டில் பாய்ந்து ஆற்றலைத் தடத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் போடுகின்றன. சராசரியாக எடுத்துக்கொண்டால், தடத்தின் அச்சிலிருந்து விலக விலக உள்ளூர் டோஸ் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. கனமான அயனியின் மையத்தில் சில நானோமீட்டருக்குள் பத்தாயிரம், லட்சம் கிரே என்று போகும், வெளி ஓரத்தில் ஒரு கிரேயின் சிறு பின்னமாக இளைத்துவிடும்.

1967-ல் பட்ஸும் ராபர்ட் காட்ஸும் இதிலிருந்து ஓர் அழகான வழியைக் கண்டுபிடித்தார்கள். காமாவில் அந்தச் சில்லு எந்த டோஸுக்கு எவ்வளவு ஒளி தரும் என்ற வளைவு நம் கையில் இருக்கிறது, அதைச் சாதாரணமாக ஆய்வகத்திலேயே எடுத்துவிடலாம். தடத்தைச் சுற்றி மெல்லிய வளையம் வளையமாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்தின் உள்ளூர் டோஸையும் அந்தக் காமா வளைவில் வைத்துப் பார்த்து, எல்லா வளையத்தின் ஒளியையும் கூட்டினால் அயனிக்கு எவ்வளவு ஒளி வரும் என்று தெரிந்துவிடும். அயனிக்கென்று புதிதாக எந்த மாறிலியும் வேண்டாம். வேறு துறையில் இவ்வளவு கொஞ்சம் உள்ளீட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போக முடிந்ததாக எனக்குத் தெரியவில்லை. குறை இல்லாமலும் இல்லை. டெல்டா எலெக்ட்ரான்களின் ஆற்றல் பரவல் கோபால்ட்-60 கிளப்பிவிடும் எலெக்ட்ரான்களுடையது மாதிரி இருக்காது, ஆகவே அந்தக் காமா வளைவை அப்படியே கடன் வாங்குவது கறாராகப் பார்த்தால் சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டியது நியாயம்தான். போலந்தில் கிராக்கோவில் பாவெல் ஓல்கோ போன்றவர்கள் தடத்தின் சராசரி வடிவத்தை விட்டுவிட்டு, சில பத்து நானோமீட்டர் அளவுள்ள சின்ன இலக்கு ஒன்றுக்குள் ஒரு நிகழ்வில் எவ்வளவு ஆற்றல் விழுகிறது என்ற நுண்டோஸ் கணக்கை வைத்து அதே கேள்விக்கு விடை தேடினார்கள். இரண்டு வழியிலும் அடிப்படைச் செய்தி மாறவில்லை: நிரம்பல் எங்கே தொடங்குகிறதோ, அங்கிருந்து திறன் விழும்.

இதைப் பிடித்துக்கொண்டால் பொருளுக்குப் பொருள் ஏன் வேறுபடுகிறது என்பதும் தெளிவாகிவிடும். மக்னீசியம், டைட்டானியம் கலந்த லித்தியம் ஃப்ளோரைடு, காமாவில் சுமார் ஒரு கிரே வரை நேர்கோட்டில் போய், அதற்கு மேல் நேர்கோட்டை மீறி ஒளி தருகிறது, சில நூறு கிரேயில் அந்த மீறல் உச்சத்தைத் தொட்டு அப்புறம் நிரம்பலில் சரிகிறது. ஆகவே எல்இடி குறைவான ஹீலியம் அயனி வந்தால், தடத்தின் ஓரப் பகுதிகள் அந்த மீறல் மண்டலத்தில் விழுந்து, மையத்தில் இழந்ததை ஈடுகட்டிவிடுகின்றன. திறன் ஒன்றை ஒட்டியும், சில அளவீடுகளில் ஒன்றைக் கொஞ்சம் தாண்டியும் வருவது இதனால்தான். மக்னீசியம், செம்பு, பாஸ்பரஸ் கலந்த வகைக்கு இந்த மீறல் கிடையாது. அதன் உணர்திறன் முதல் வகையைவிட இருபது மடங்குக்கும் மேல், காமாவுக்கு அருமையான சில்லு, மைக்ரோகிரே டோஸைக்கூட விடாது. ஆனால் ஈடுகட்ட ஒன்றும் இல்லாததால் திறன் சீக்கிரமே இறங்கத் தொடங்கிவிடும். 5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா துகளுக்கு முதல் வகை சுமார் ஐந்தில் ஒரு பங்கு காட்டுகிற இடத்தில், இது பத்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் கீழேயோ போய்விடுகிறது.

எதிர்முனையில் அலனைன். அது பொறியும் ஒளியும் இல்லாத வேறு ஜாதி: அமினோ அமிலத்தில் கதிர்வீச்சு உண்டாக்கும் தனி உறுப்புகளை (ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு நிற்கும் மூலக்கூறுத் துண்டுகளை) எலெக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வில் எண்ணுகிறோம். அது நிரம்ப லட்சம் கிரே ஒட்டிய டோஸ் வேண்டும், அதனால் தடத்தின் மையத்தைக்கூட ஓரளவு தாங்கிக்கொள்கிறது, புரோட்டானுக்குத் திறன் பெரும்பாலும் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. விலை என்னவென்றால், கிரே கணக்கில் டோஸ் கொடுத்தால்தான் அது வாயே திறக்கும். மைக்ரோகிரேயையும் பார்க்க வேண்டும், கனமான அயனியிலும் நிரம்பக் கூடாது என்று ஒரே பொருளிடம் கேட்க முடியாது. அப்படி ஒன்று விற்கிறேன் என்று யாராவது வந்தால் நிறையக் கேள்வி கேளுங்கள்.

இனி என் சண்டையின் மைய இடத்துக்கு வருகிறேன். பல கட்டுரைகளில் கிடை அச்சில் எல்இடி, நிலை அச்சில் திறன், நடுவில் எல்லா அயனிகளின் புள்ளிகளையும் தைத்துக்கொண்டு போகும் ஒரே வளைவு. பார்க்க வசதியான படம். ஆனால் மைக்ரோமீட்டருக்கு 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஒரே எல்இடியை எடுத்துக்கொள்ளுங்கள். புரோட்டான் அதை எட்டுவது சுமார் 1.5 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில், கிட்டத்தட்ட நின்றுபோகிற கட்டத்தில். கார்பன் அயனிக்கு மின்னூட்டம் ஆறு மடங்கு என்பதால், அதே வேகத்தில் போகும் புரோட்டானைவிட எல்இடி ஏறக்குறைய 36 மடங்கு, ஆகவே அது நியூக்ளியானுக்கு 150 மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்ற நல்ல வேகத்தில் பறக்கும்போதே அதே 20-ஐ எட்டிவிடுகிறது. டெல்டா எலெக்ட்ரான் எவ்வளவு தூரம் போகும் என்பதை அயனியின் வேகம்தான் முடிவு செய்கிறது. மெதுவான அந்தப் புரோட்டான் தட்டிவிடும் எலெக்ட்ரானுக்கு அதிகபட்சம் 3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் சொச்சம் கிடைக்கும், அது ஒரு மைக்ரோமீட்டர்கூடப் போகாது. கார்பன் தட்டிவிடும் வேகமான எலெக்ட்ரானுக்கு 350 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை கிடைக்கும், அது தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர் வரை போகும். ஒரே ஆற்றலை ஒன்று ஒல்லியான கம்பிக்குள் திணிக்கிறது, மற்றொன்று அகலமாகப் பரப்பிவிடுகிறது. பொறிகள் எதில் அதிகம் நிரம்பி வழியும்? புரோட்டானில்தான். ஒரே எல்இடி, வேறு வேறு திறன். அளவீடுகளிலும் அயனிக்கு ஒன்றாகத் தனித்தனி வளைவுகள் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். அவற்றையெல்லாம் ஒரே கோட்டால் தைத்துவிட்டு, சிதறலை அளவீட்டுப் பிழை என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை, அந்தச் சிதறலில் பாதி இயற்பியல்.

இதோடு தடிமன் என்ற ஒரு சங்கடமும் உண்டு. வழக்கமான சில்லு 3.2 மில்லிமீட்டர் சதுரம், 0.89 மில்லிமீட்டர் தடிமன். நான் மேலே சொன்ன 1.5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் இதைக் கடந்து போகாது, தண்ணீரிலேயே ஐம்பது மைக்ரோமீட்டருக்குள் நின்றுவிடும், லித்தியம் ஃப்ளோரைடில் இன்னும் குறைவு. ஆல்ஃபா துகள் மேல்தோலோடு சரி. ஆக, நிற்கிற துகளுக்கு "இந்த எல்இடியில் இந்தத் திறன்" என்று ஒரு புள்ளி வைப்பதே ஏமாற்று: துகள் நுழைந்ததிலிருந்து நிற்பது வரை அதன் எல்இடி ஏறி இறங்குகிறது, நாம் பார்ப்பது அத்தனையின் சராசரி. மொத்தச் சில்லின் நிறையால் வகுத்துச் சொல்லும் டோஸுக்கும் அர்த்தம் இல்லை. இதில் வேடிக்கை, நியூட்ரான் இருக்கும் இடத்தில் துகள் வெளியிலிருந்து வரவே வேண்டாம். லித்தியம்-6 வெப்ப நியூட்ரானை விழுங்கி, ஓர் ஆல்ஃபாவையும் ஒரு டிரிட்டானையும் (கனமான ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் கரு) உமிழ்கிறது, இரண்டுக்குமாக 4.78 மெகா எலெக்ட்ரான் வோல்ட். அதாவது சில்லே தனக்குள் கனமான துகளைப் பிறப்பித்துக்கொள்கிறது. லித்தியம்-6 செறிந்த சில்லையும் லித்தியம்-7 செறிந்த சில்லையும் ஜோடியாக வைத்துக் கழித்து நியூட்ரானைப் பிரித்தெடுக்கும் பழைய வித்தை இதன் மேல்தான் நிற்கிறது.

படிக்கும் விதம் என்று சொன்னேனே, அதற்கு வருவோம். இதை விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது, ஏனென்றால் ஒளியை எண்ணுவதில் என்ன பெரிய தேர்வு இருக்கப்போகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சில்லைச் சூடாக்கும்போது ஒளி ஒரே மேடாக வராது, வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் பல மேடுகள் வரும். லித்தியம் ஃப்ளோரைடில் 200 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் பெரிய மேடு, ஐந்தாவது மேடு என்பார்கள், டோஸ் கணக்கு அதில்தான். அதற்கு அப்பால் 250-க்கு மேல் சிறிய மேடுகள் தொடர்கின்றன. காமாவில் இந்த உயர்வெப்ப மேடுகள் சின்னதாக இருக்கும், எல்இடி ஏற ஏற ஐந்தாவது மேட்டோடு ஒப்பிட அவை வளர்கின்றன. ஆக, ஒருவர் ஐந்தாவது மேட்டின் உயரத்தை மட்டும் எடுத்து, இன்னொருவர் 300 டிகிரி வரை முழுப் பரப்பையும் கூட்டினால், அதே சில்லு, அதே அயனி, இரண்டு வேறு திறன். இரண்டும் சரியான அளவீடு. சூடாக்கும் வேகம், அனீல் செய்தபின் ஆறவிட்ட வேகம், எந்தத் தயாரிப்புத் தொகுதி, இதெல்லாம் மேடுகளின் விகிதத்தை அசைக்கும். சூடாக்கிய விதத்தைச் சொல்லாமல் திறன் எண்ணை மட்டும் கொடுக்கிற அட்டவணையை நான் நம்புவதில்லை.

ஆனால் இதே தொல்லையை வியன்னாவில் ஒரு குழு தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டது. உயர்வெப்ப மேடுகளுக்கும் ஐந்தாவது மேட்டுக்கும் உள்ள விகிதம் எல்இடியோடு ஏறுகிறது என்றால், அந்த விகிதத்திலிருந்தே வந்த கதிர்வீச்சின் சராசரி எல்இடியை ஊகிக்கலாமே. மிர் விண்வெளி நிலையத்தில் வைத்த சில்லுகளில் இதைச் செய்தார்கள். அலுமினியம் ஆக்சைடிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு: அதன் ஓஎஸ்எல் ஒளியில் 420 நானோமீட்டர் நீலப் பட்டையோடு 335 நானோமீட்டர் புற ஊதாப் பட்டையும் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு மையங்களிலிருந்து வருபவை, எல்இடி மாறினால் அவற்றின் விகிதமும் மாறும். நீலத்தின் ஆயுள் 35 மில்லிநொடி, புற ஊதாவுடையது நானோநொடிக் கணக்கு, அதனால் தூண்டும் ஒளியைத் துடிப்பாகக் கொடுத்து நேரத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். குறைபாட்டையே அளவுகோலாக்கிய இந்த இரண்டு வித்தைகளும் இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்தவை. விகிதம் தருவது சராசரியை மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. கொஞ்சம் இரும்பு கலந்த நிறையப் புரோட்டானும், நடுத்தர எல்இடி உள்ள ஒரே அயனியும் ஒரே விகிதத்தைக் கொடுக்கலாம்.

நடைமுறையில் இது எங்கே கடிக்கிறது? புற்றுநோய்க்கான புரோட்டான், கார்பன் சிகிச்சையில், துகள் நிற்கப்போகும் இடத்தில் டோஸ் குத்தென்று ஏறும், அதற்கு பிராக் உச்சி என்று பெயர், கட்டியின் மேல் அதைத்தான் குறி வைக்கிறார்கள். எல்இடி அதிகபட்சமாவதும் அங்கேதான். அதாவது மிகச் சரியாக அளக்க வேண்டிய மில்லிமீட்டரில்தான் திடநிலை அளவி மிகக் குறைவாகக் காட்டும், உச்சியை மழுங்கடித்துக் கொடுக்கும். அயனி அறையை (கதிர் வாயுவில் உண்டாக்கும் மின்னூட்டத்தை அளக்கும் கருவி) ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளாமல் சில்லை மட்டும் நம்பி அங்கே டோஸ் சொல்ல யாரும் துணிவதில்லை. செயற்கை வைர அளவிகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிம்மதி, எல்இடிச் சார்பு அவற்றில் குறைவு.

விண்வெளியில் கதை வேறு மாதிரி. அண்டக் கதிர்களில் பெரும்பங்கு புரோட்டான், அடுத்து ஹீலியம் ஒரு பன்னிரண்டு சதவீதம், இரும்பு உள்ளிட்ட கனமானவை எல்லாம் சேர்ந்து ஒரு சதவீதம்தான். ஆகவே மொத்த கிரேயில் சில்லு செய்யும் பிழை அப்படி ஒன்றும் பயங்கரமில்லை. பிரச்சினை சீவர்ட்டுக்கு, அதாவது உடலுக்கு வரும் பாதிப்பையும் கணக்கில் எடுக்கும் டோஸ் அலகுக்கு, மாற்றும்போது வருகிறது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரக் காரணி எல்இடி 10 வரை ஒன்று, அதற்கு மேல் ஏறி 100-ல் சுமார் 30-ஐத் தொட்டு, பிறகு இறங்குகிறது. சில்லின் திறன் நன்றாகச் சரிந்துபோகும் அதே பகுதியில்தான் உயிரியல் எடை உச்சத்துக்குப் போகிறது. அதனால் சில்லோடு சிஆர்-39 என்ற பிளாஸ்டிக்கையும் சேர்த்து அனுப்புவார்கள். அதில் கனமான துகள் போன தடத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடில் அரித்து, நுண்ணோக்கியில் குழிகளாக எண்ணலாம், எல்இடி குறைந்த துகள் அதில் தெரியவே தெரியாது. கணக்கு எளிது: சிஆர்-39 சொன்ன உயர் எல்இடி டோஸில், சில்லு தன் திறனுக்கேற்ப எவ்வளவு பார்த்திருக்குமோ அதைச் சில்லின் அளவிலிருந்து கழித்துவிட்டு, முழு உயர் எல்இடி டோஸையும் அப்படியே திரும்பக் கூட்டுவது. எளிதுதான், ஆனால் கழிக்கும்போது அந்தத் திறன் எண் வேண்டும், அது எந்த அயனிக்கு, எந்த வேகத்துக்கு, எந்தச் சூட்டு முறைக்கு என்ற கேள்வி மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது.

இதற்காகத்தான் ஜப்பானில் சிபாவில் உள்ள ஹிமாக் முடுக்கியில் 2002-லிருந்து இச்சிபான் என்ற பெயரில் ஒப்பீட்டுச் சோதனைகள் நடந்தன. பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் அளவிகளைக் கொடுத்தன, தெரிந்த அயனிகளால் கதிரூட்டிக் கொடுத்தார்கள், எந்த அயனி, எவ்வளவு என்று சொல்லாமலே கதிரூட்டித் திருப்பிக் கொடுத்த சுற்றுகளும் இருந்தன. அந்த முடிவுகளைப் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை. சராசரி வரிசையை விட்டுவிட்டு, ஒரே வகைச் சில்லைப் பயன்படுத்திய ஆய்வகங்களை மட்டும் தனியே எடுத்து, யார் எந்த வெப்பநிலை வரை கூட்டினார்கள், திறன் கணக்கில் எந்தக் காமா மூலத்துக்கு 1 என்று வைத்துக்கொண்டார்கள் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு அதற்கப்புறம் எண்களைப் பாருங்கள்.